குடும்ப வீடு பொதுவீடாகும்போது

தலைமுறைகளாக எங்கள் குடும்பம் வாழ்ந்த வீட்டை வாசகசாலையாகவும் கூட்டம் நடத்தும் இடமாகவும் மாற்ற முடிவு செய்ததும், எந்தக் காலத்து வீட்டை மீட்பது என்ற விவாதம் எழுந்தது. உறவினர் பலர் கட்டியவர் காலத்து வடிவத்தையே விரும்பினார்கள். பிள்ளைகள் பெருகியபோது பின்புறம் சேர்த்த அறைகளை இடித்துவிட்டால் வீட்டின் வரலாற்றில் பாதி போய்விடும் என்பது என் கருத்து. ஒவ்வொரு காலத்தின் தகுந்த பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும் என்றும் பழமையான கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் வலியுறுத்துகிறது. ஆகவே, புகைப்படத்திலோ சுவரிலோ தடயம் இல்லாத எதையும் நாங்கள் புதிதாகச் செய்து வைக்கவில்லை.

சுவர்களைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் நிலத்திலிருந்து ஏறும் ஈரம், காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக உதிர்க்கும். முன்பு சிமென்ட் பூசியிருந்த வடக்குச் சுவரில் இதை நேரிலேயே கண்டோம். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகத்தான் இறுகும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு இந்த வேலையில் இறங்கக் கூடாது.

மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கினால் போதும் என்றும், மக்கள் நெருங்கி நிற்கும் கூடம் சுமார் 500 கிலோ தாங்க வேண்டும் என்றும் பல நாடுகளின் கட்டட விதிகள் வகுத்திருக்கின்றன. பொறியாளர் சோதித்துச் சொன்னபடி கூட்டங்களையும் புத்தக அலமாரிகளையும் கீழ்த்தளத்தில் அமைத்து, மாடியைச் சிலர் அமர்ந்து படிப்பதற்கு மட்டும் ஒதுக்கினோம். அறைகளை இடித்துப் பெருங்கூடமாக்கும் யோசனையை ஏற்கவில்லை. வீட்டுக்கு ஏற்ற பயன்பாட்டைத் தேடுவதே முறை.

வீட்டை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிவிட்டோம். கூரையையும் மழைநீர்க் குழாய்களையும் ஆண்டுதோறும் பழுதுபார்க்கத் தனி நிதி ஒதுக்கியிருக்கிறோம். அறங்காவலர்களில் எங்கள் குடும்பத்தார் ஒருபோதும் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது என்ற விதியை வற்புறுத்திப் பத்திரத்தில் சேர்த்தவன் நான்தான்.