முழங்கால் தேர்ந்தெடுத்த எம்எக்ஸ்-5

முதல் வாரம்

பழைய கார் ஒன்று வாங்கினால் எம்எக்ஸ்-5 தான் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. சிலர் மியாட்டா என்பார்கள், ஜப்பானில் ரோட்ஸ்டர் என்பார்கள். எல்லாம் கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் அதே இரண்டு இருக்கை மாஸ்டா கார்தான். எந்தத் தலைமுறை என்பதில்தான் மண்டை காய்ந்தது. 1989-இல் வந்தது என்ஏ. 1998-இல் என்பி, 2005-இல் என்சி, 2015-இல் என்டி. நான்கிலும் எஞ்சின் முன்னால், ஓட்டுவது பின்சக்கரம், கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் பிணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் கார் உடனே பதில் சொல்வதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். அடிப்படையில் கை வைக்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு ஓர் அட்டவணை எழுதினேன். என்ஏ ஒரு டன்னுக்கும் கீழே, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன். என்சி சுமார் 1,100 கிலோ, 2.0 லிட்டர், 160-ஐ ஒட்டி. என்டி மறுபடி இளைத்து ஒரு டன் பக்கம் வந்துவிட்டது. நீளம் 3,915 மி.மீ., முதல் காரைவிடக் குட்டை. கடைசிப் பத்திக்கு ‘மனசு’ என்று தலைப்புப் போட்டேன். அதில் என்ஏவுக்குப் பத்துக்குப் பத்து, காரணம் அந்த மேலெழும்பும் ஹெட்லைட்டுகள். பள்ளி நாட்களில் படத்தில் பார்த்ததிலிருந்தே எனக்கு எம்எக்ஸ்-5 என்றால் அந்த இரண்டு கண்கள்தான். ஆக, அட்டவணை போட்டதே என்ஏ வாங்குவதற்குச் சாக்குத் தேடத்தான்.

மூன்றாம் வாரம்: என்ஏ

1990 மாடல், 1.6. விற்பவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். வலது விளக்கு சட்டென்று எழுந்தது, இடதுபக்கம் தூக்கக் கலக்கத்தில் அரை நொடி கழித்து எழுந்தது. அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தேன். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் மேலேயிருந்து ‘டிக் டிக்’ என்று வால்வு லிஃப்டர் சத்தம், சூடேறியதும் அடங்கியது. இந்த எஞ்சினில் அது சாதாரணம், பயப்பட வேண்டியதில்லை. அடுத்து கிராங்க் புல்லிக்கு, அதாவது எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் சக்கரத்துக்கு, டார்ச் அடித்தேன். அதன் நடுவில் இருக்கும் காடிகளை (வெட்டுப் பள்ளங்களை) எண்ண வேண்டும்: நான்கு என்றால் குட்டை முனை கிராங்க், எட்டு என்றால் நீள முனை. ஆரம்பத்தில், 1991 வாக்கு வரை வந்த 1.6 எஞ்சின்களில்தான் குட்டை முனை இருக்கும். வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது யாராவது புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தால், புல்லி நழுவாமல் பிடிக்கும் கீ என்ற சின்ன இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். கடைசியில் கிராங்க்கே போய்விடும். இதில் நான்கு காடி. எஞ்சினை ஓடவிட்டுப் புல்லியின் விளிம்பையே ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை.

விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கம்ப்ரஷனும், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதும், பார்த்தேன். சூடான எஞ்சின், நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்தபடி: 178, 180, 176, 179 பிஎஸ்ஐ. எண்கள் எவ்வளவு என்பதைவிட ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா என்பதுதான் முக்கியம். முப்பது வயது தாண்டிய எஞ்சினுக்கு இது பிரமாதம். கையில் கிரீஸோடு சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். துணிக்கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் பெல்ட் தூண்களுக்கு அருகே உள்ள இரண்டு ஓட்டைகள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வேறு வழி தேடும். கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். பெயின்ட்டில் குமிழி தெரிகிறது என்றால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வலது ஓட்டையில் ஒரு டம்ளர் ஊற்றினேன், ஐந்தாறு நொடியில் கீழே சொட்டியது. இடதில் ஊற்றினேன். குனிந்து காத்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. இன்னொரு டம்ளர். ஊகூம்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சில்லைத் தட்டிக்கொண்டே பின்னால் போனேன். கதவுக்குக் கீழே ‘டங் டங்’ என்றிருந்த சத்தம், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் ‘தொப் தொப்’ என்று மாறியது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ துருவை வெட்டி எடுக்காமல் மேலே அழகாகப் பூசி மூடியிருக்கிறார். விற்பவருக்கே தெரியாது போலிருந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் சங்கடமாக இருந்தது.

வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று மனம் அப்போதும் பேரம் பேசியது. ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். நான் 185 செ.மீ. உயரம். என்ஏவில் ஸ்டியரிங்கை மேலும் கீழும் நகர்த்த முடியாது. கிளட்சை மிதித்துக் காலைத் தூக்கும்போதெல்லாம் இடது முழங்கால் ஸ்டியரிங் வளையத்தில் இடித்தது. கண்ணுக்கு நேராக விண்ட்ஷீல்டின் மேல் சட்டம். சிக்னலைப் பார்க்கக் கழுத்தை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. சீட்டின் பஞ்சை வெட்டி எடுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கிக்கொள்வோர் உண்டு. அப்படிச் செய்தால் தலை தப்பும், முழங்கால் தப்பாது. இருந்தும் ஓட்டுவது என்னவோ சொர்க்கம்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே இவ்வளவு சிரிக்கவைக்கும் வேறு காரை நான் ஓட்டியதில்லை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஐந்தாம் வாரம்: என்பி

என்பி என்பது பெரும்பாலும் என்ஏதான், வேறு சட்டை போட்டது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் அதே 2,265 மி.மீ. விளக்குகள் நிலையானவை. பின்பக்கம் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகச் சூடேறும் கம்பிகளோடு கண்ணாடி. நான் பார்த்தது 2002 மாடல், 1.8. காரணமே இல்லாமல் இந்தத் தலைமுறையை எல்லோரும் ஒதுக்குகிறார்கள்; ஸ்டியரிங் கையில் பேசும் விதத்தில் என்ஏவுக்கு ஒரு மாற்றுக் குறைவில்லை.

ஆனால் ஜாக்கி போட்டுக் கீழே படுத்ததும் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு பளபளத்தது. என்பியில் துரு பிடிக்கும் முதல் இடம் முன்பக்கச் சேசிஸ் பெட்டிச்சட்டங்கள். அவை இரட்டைத் தகடு, நடுவில் ஈரம் தங்கிவிடும். விற்கப்போகிற வாரத்தில் சரியாக அந்த இடத்துக்கு மட்டும் ஒருவர் பூச்சு அடிக்கிறார் என்றால் நான் கேள்வி கேட்கத்தான் செய்வேன். கேட்டேன். “பாதுகாப்புக்கு” என்றார். சரி என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். முழங்காலும் அதே இடத்தில்தான் இடித்தது.

ஆறாம் வாரம்: என்டி

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறை சொல்ல அதிகம் இல்லை. 2.0 லிட்டர், 2016 மாடல். எடையைக் குறைப்பதில் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள், முதல் வளைவிலேயே அது தெரிகிறது. ஸ்டியரிங் மின்மோட்டார் உதவியோடு வேலை செய்கிறது. துல்லியம், ஆனால் சாலையின் முணுமுணுப்பு கைக்கு வருவதில்லை. 2019 மாடலில் இந்த 2.0 எஞ்சினுக்கு 7,500 ஆர்பிஎம் வரை சுற்றும் உரிமையும் 180-க்கு மேல் குதிரைத்திறனும் கொடுத்து, ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுக்கவும் வழி செய்தார்கள். இதில் அந்த வசதி இல்லை. கையை நீட்டினால் கால் மடங்கியது, காலை நீட்டினால் கை எட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காரை வாங்கினால் என் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வேலையும் இருக்காது. கழுவலாம், ஓட்டலாம், அவ்வளவுதான். எனக்கு ஸ்பேனர் பிடிக்கவும் ஒரு கார் வேண்டும். விலையும் என் கையிருப்பை மொத்தமாக விழுங்கியிருக்கும், டயருக்குக்கூட மிச்சமிருக்காது.

எட்டாம் வாரம்: என்சி

என் அட்டவணையின் ‘மனசு’ பத்தியில் என்சிக்கு நான் போட்ட மதிப்பெண் இரண்டு. குண்டு, உயரமாக நிற்கிறது, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. எம்எக்ஸ்-5 ஆட்கள் கூடினால் கிண்டலடிக்க ஆள் தேடும்போது மாட்டுவது என்சிதான். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று விற்பனைக்கு நின்றதால் மட்டுமே போய்ப் பார்த்தேன். 2010 மாடல், 2.0, துணிக்கூரை.

உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. மறுபடி மிதித்தேன். ஸ்டியரிங்கை மேலே தூக்கிப் பூட்டினேன். வளையத்துக்கும் தொடைக்கும் நடுவே உள்ளங்கை நுழைந்தது. அகலம் 1,675-லிருந்து 1,720 மி.மீ. ஆகியிருக்கிறது, சக்கர இடைவெளி 2,330. நான் ‘குண்டு’ என்று எழுதி வைத்திருந்த அந்தச் சதை முழுக்க என் கால்களுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் போல. எட்டு வாரமாக எஞ்சினையும் துருவையும் அளந்துகொண்டிருந்தேன். முதல் நாளே நான்கிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

டைமிங் பெல்ட்டுக்குப் பதில் இதில் செயின். 2009-இல் செய்த மாற்றத்தில் ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய வலுவான கிராங்க் வந்தது, மேனுவல் கியர் 2.0-கள் 7,500 வரை சுற்றும். அதனால் அதற்குப் பிந்தைய கார் கிடைத்தது அதிர்ஷ்டம். தண்ணீர்ப் பரிசோதனையில் இரண்டு பக்கமும் சொட்டியது, இடதுபக்கம் கொஞ்சம் மெதுவாக. சில் முழுக்க ‘டங் டங்’.

குறை இல்லாமல் இல்லை. எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் நுனியில்கூட ஈரமில்லை. டயர்களில் பள்ளம் ஆழமாக இருந்தது, ஆனால் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண் 3112. அதாவது 2012-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் செய்தவை. நகத்தால் அழுத்தினால் பலகை மாதிரி இருந்தது. ‘டயர் புதுசு மாதிரி இருக்கிறது’ என்று விற்பவர் சொன்னதில் பொய் இல்லை, ஓடாமலேயே கிழடாகியிருந்தது. இரண்டையும் காட்டி விலையைக் குறைத்து வாங்கிவிட்டேன்.

வாங்கிய பின்

முதல் வேலை ஆயில். கம்பியில் மேல் கோட்டைத் தொட முக்கால் லிட்டருக்கும் மேல் குடித்தது. அதை ஊற்றி ஓட்டிச் சூடாக்கி, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஃபில்டரோடு புதிதாக மாற்றினேன். இப்போது ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கம்பியை உருவிப் பார்க்கிறேன். ஆயிரம் கிலோமீட்டரில் இறங்கியது கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

இரண்டாவது, அந்த இடதுபக்க வடிகால். விறைப்பான கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, குழாயே கழன்றுவிடும். வளையும் நைலான் கயிறு ஒன்றை மெல்ல இறக்கி, சுழற்றி, இழுத்தேன். கறுத்த களியும் ஒரு முழு இலைக் காம்பும் வந்தன. இப்போது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சொட்டுகிறது. இந்த வேலைக்கு ஆனது இருபது நிமிடம். அந்த என்ஏவுக்கு யாராவது இதைச் செய்திருக்கலாம்.

டயர் மாற்றிய கையோடு வீல் அலைன்மென்ட்டுக்குப் போனேன். திரையில் வந்த எண்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தது: கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், முன் இடது மைனஸ் 0.2, முன் வலது மைனஸ் 0.9. இந்தக் காரில் நான்கு சக்கரத்தையும் மையம் விலகிய போல்ட்டுகளைத் திருகித் திருத்தலாம். போல்ட் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாத வரைக்கும்தான் அந்தச் சௌகரியம். எனக்குப் பின் இடதும் பின் வலதும் அசையவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு நாள் ஊடுருவும் எண்ணெய் அடித்து, அவ்வப்போது சுத்தியலால் தலையில் தட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் நீளமான பிடி போட்டு இழுத்ததும் இடது போல்ட் ‘கிரீச்’ என்று கத்திக்கொண்டு கால் சுற்று திரும்பியது. அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், நான் ஒரு குதி குதித்தேன். வலது அசையவே இல்லை. நல்லவேளையாக அந்தச் சக்கரத்தின் எண்கள் ஏற்கெனவே பரவாயில்லை. மற்ற மூன்றையும் அதற்கு இணையாகக் கொண்டுவந்தோம். முன்பக்கம் இரண்டும் மைனஸ் 1.0.

கார் அப்படியே மாறிவிட்டது. முன்பு நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். இப்போது விட்ட கோட்டில் போகிறது. வளைவில் உடம்பு சாய்வது அதிகம்தான், அதை மறுக்க மாட்டேன். ஸ்பிரிங் மாற்றலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் ஒரு வருடம் இப்படியே ஓட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

போன வாரம் கூரையை மடக்கிப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே சிவப்பு என்ஏ ஒன்று வந்தது. என்னைக் கண்டதும் கண்களைத் திறந்து மூடியது. எனக்கு அடிவயிற்றில் ஒரு கணம் பொறாமை புரண்டது. திறந்து மூட என்னிடம் எதுவும் இல்லை. சும்மா லைட்டை அடித்துக் கையைத் தூக்கினேன். ஓட்டியவர் உயரமாகத்தான் தெரிந்தார், தலை கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே நின்றது.

பின் வலது போல்ட் இன்னும் மிச்சம். இன்று காலையும் எண்ணெய் அடித்திருக்கிறேன்.