துடைப்பதற்கு முன் பாருங்கள்: மலை மருத்துவத் தேர்வில் நான் கற்றது

மலை மருத்துவ டிப்ளமோவின் செய்முறைத் தேர்வு. பனிச்சரிவில் சிக்கியவராகப் பனிக்குள் புதைத்து வைத்திருந்த பொம்மையை, புதைந்தவரிடமிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைப் பிடிக்கும் டிரான்ஸீவரால் தேடி, புரோப் என்ற நீண்ட கம்பியால் குத்திக் கண்டுபிடித்து, முகம் வரை தோண்டிவிட்டேன். வந்த வேகத்தில் வாய், மூக்கின் மேலிருந்த பனியைக் கையுறையோடு துடைத்தேன். தேர்வாளர் கேட்டார்: "வாய்க்குள் பனி அடைத்திருந்ததா? முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்ததா?" என்னிடம் பதில் இல்லை. பார்ப்பதற்குள் துடைத்தாயிற்று.

பனிச்சரிவில் புதைந்தவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது குளிர் அல்ல, மூச்சுத்திணறல். விடும் மூச்சின் ஈரமே முகத்தைச் சுற்றிக் கட்டியாக உறைந்து காற்றை மறித்துவிடும். முதல் 10 நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் பிழைப்பவர்கள் குறைவு. அதனால் 60 நிமிடங்களுக்குள் எடுத்தவரின் இதயம் நின்றிருந்தால் மூச்சடைப்பு என்றே கொண்டு, முதலில் 5 முறை செயற்கை மூச்சு, அப்புறம் சிபிஆர், அதாவது மார்பை அழுத்தியும் மூச்சு ஊதியும் செய்யும் உயிர்காப்பு.

60 நிமிடங்களைத் தாண்டினால் கணக்கே வேறு. மூச்சுப்பாதை அடைபடாமல் இருந்து, உடலின் உள்வெப்பநிலை 30 டிகிரிக்குக் கீழே போயிருந்தால், குளிர் மூளையைக் காத்திருக்கலாம். 1999-இல் நார்வேயில், உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய மருத்துவர் அன்னா போகென்ஹோல்மின் உள்வெப்பநிலை 13.7 டிகிரி வரை இறங்கியது. அவர் பிழைத்தார். இப்படிப்பட்டவரைச் சிபிஆரை விடாமல், இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கும் இயந்திரம் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அங்கே முதலில் கேட்கப்படுவது, நான் துடைத்துப்போட்ட அந்த ஒரு பிடி பனியில் இருந்த விவரம்தான்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மருத்துவர்கள் அவசர மருத்துவமோ மயக்கவியலோ படித்துவிட்டு வருவது நல்லது. டிப்ளமோவில் கயிறும் ஏற்றமும் மருத்துவத்துக்குச் சமமாகப் பிழிந்தெடுக்கும். மலையில் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் இன்னொரு நோயாளிதான். மருத்துவம் படிக்காதவர்களுக்கு, மருத்துவமனை எட்டாத இடங்களில் முதலுதவி செய்யக் கற்றுத்தரும் வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பயிற்சி இருக்கிறது, சுமார் 70 முதல் 80 மணி நேரம்.

பயிற்சியில் ஒன்றை விடாமல் செய்யுங்கள். புரோப் தட்டிய இடத்துக்கு மேலே ஏறி நிற்காமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். மேலே நின்றால் உங்கள் எடையே காற்று இடைவெளியை நசுக்கிவிடும். முகம் தெரிந்ததும் ஒரு நொடி கையை நிறுத்தி, கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட இருப்பவர் அதை நேரத்தோடு எழுதட்டும். சரி, இப்போது துடைக்கலாம்.