வெளிமாநிலத்தில் ரைஃபிள் வாங்கும் முன் விசாவைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர் வேறு மாநிலத்துக்குப் போய், அங்குள்ள கடையில் ரைஃபிள் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்த "வாங்கலாம்" பொருந்தாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர், வீடு பெரம்பூரில். என் அக்கா மகன் ஒஹையோவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். அவனோடு வேலை செய்பவரின் தந்தை டென்னசியில் இருக்கிறார். மான் வேட்டைப் பருவத்துக்கு இவனையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "சித்தி, ரைஃபிளை அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளலாமாம். இல்லையென்றால் அவருடைய பழைய ரைஃபிளை எனக்கே விற்றுவிடுகிறாராம்" என்றான் தொலைபேசியில். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதே, படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இந்தச் சட்டத்தின் வேர் 1963-இல் இருக்கிறது. அதிபர் கென்னடியைச் சுட்ட ரைஃபிளை ஆஸ்வால்ட் சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபால் மூலம் வரவழைத்திருந்தான். தபால் செலவையும் சேர்த்து 21 டாலர் 45 சென்ட். கடைக்காரர் அவன் முகத்தையே பார்க்கவில்லை. 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தத் தபால் வழியை அடைத்தது. வெளிமாநிலத்தில் ரைஃபிள் வாங்குவதென்றால் எல்லையை ஒட்டிய மாநிலத்தில் மட்டுமே வாங்கலாம் என்றும் வைத்தது. 1986-இல் திருத்தம் வந்து அந்த அண்டை மாநில நிபந்தனை நீங்கியது. இன்று ஒஹையோக்காரர் இடையில் கென்டக்கியைத் தாண்டி டென்னசியிலும் வாங்கலாம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் நேரில் போய் நிற்க வேண்டும். விற்பனை இரு மாநிலச் சட்டங்களுக்கும் ஒத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு இந்த இரண்டாவது நிபந்தனைதான் சுவர்: அந்த மாநிலத்தின் பத்து நாள் காத்திருப்பு விதி இருப்பதால், வெளிமாநிலக் கடையில் வாங்கிக் கையோடு எடுத்து வர முடியாது. கைத்துப்பாக்கிக்கு இந்தச் சலுகை எங்குமே இல்லை. அதைச் சொந்த மாநிலத்து விற்பனையாளருக்கு அனுப்பச் சொல்லி, அவரிடம்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நண்பரின் தந்தை தன் ரைஃபிளை நேரடியாக விற்பது? அது குற்றம். உரிமம் இல்லாத தனிநபர், வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்குத் துப்பாக்கியை நேரடியாக விற்கவும் கூடாது, சொந்தமாகக் கொடுத்துவிடவும் கூடாது. ஒஹையோவில் உள்ள விற்பனையாளர் ஒருவருக்கு அனுப்பி, அவர் வழியாகக் கைமாற்ற வேண்டும். எத்தனை நல்ல மனிதர் கொடுத்தாலும் விதி மாறாது.

இத்தனையும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தடை. வார இறுதியில் நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். அப்படி எடுத்த புகைப்படங்களை நம் பிள்ளைகள் பெருமையாகப் போடும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

சட்டமே திறந்து வைத்திருக்கும் ஒரு கதவு உண்டு. அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகுகிறது. துப்பாக்கி கையில் இருக்கும் காலம் முழுவதும் அந்த உரிமமும் உயிரோடு இருக்க வேண்டும். வாங்கிய பின் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் சும்மா கிடக்கும் ரைஃபிளே குற்றமாகிவிடும்.

கடையில் நிரப்ப வேண்டியது 4473 என்ற படிவம். பெயர், முகவரி, பிறந்த தேதிக்குப் பிறகு கேள்விகள் வரிசையாக வரும். ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். முதலில் வரும் கேள்வி: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? கீழே, எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவரா என்றும், அப்படியானால் விதிவிலக்கு உண்டா என்றும் கேட்பார்கள். பிறகு எஃப்.பி.ஐ. பராமரிக்கும் உடனடிப் பின்னணிச் சோதனை. பல நேரங்களில் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். இங்கே சென்னையில் மாநகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, உரிமம் கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கிக் கடைப் பக்கமே போக முடியும். அந்தக் கெடுபிடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அமெரிக்கக் கடையின் வேகம் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தந்துவிடுகிறது. அந்த வேகத்தில்தான் ஆபத்து. கையெழுத்துப் போட்ட பொய், சோதனையில் தப்பினாலும் பொய்தான்.

"நண்பன் தன் பெயரில் வாங்கிக் கொடுக்கட்டுமே" என்பவர்கள் ஆப்ராம்ஸ்கி வழக்கைப் படிக்க வேண்டும். வர்ஜீனியாவில் இருந்த முன்னாள் காவலர் அவர். பென்சில்வேனியாவில் இருந்த தன் உறவினருக்காக, அந்த உறவினர் கொடுத்த பணத்தில், கைத்துப்பாக்கி ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கினார். முதல் கேள்விக்கு "ஆம், நான்தான் வாங்குகிறேன்" என்று குறித்தார். அந்த உறவினர் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர். பிறகு உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் கைமாற்றினார்கள். அப்படியும் 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தண்டனையை உறுதி செய்தது. வாங்குபவர் யார் என்பதில் சொன்ன பொய்யே போதும் என்றது தீர்ப்பு. தகுதி உள்ள சொந்தக்காரருக்கு வாங்கியவருக்கே இந்தக் கதி என்றால், தடைக்குள் இருக்கும் விசாக்காரருக்கு வாங்கித் தரும் நண்பரின் நிலையை யோசியுங்கள். சொந்தப் பணத்தில் வாங்கி, தகுதி உள்ளவருக்கு அன்பளிப்பாகத் தருவது வேறு. அதற்குச் சட்டத்தில் இடமுண்டு.

அக்கா மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, அடுத்து வேட்டை உரிமம். அதன் பிறகு அவனுடைய நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை. ரைஃபிள் பேச்சு அதற்கப்புறம்தான். வகுப்பில் சேர்ந்துவிட்டான். டென்னசிக்காரரும் தன் பழைய ரைஃபிளை ஒஹையோ விற்பனையாளர் வழியாகவே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.