ஷார்ட்கட் வைரஸ்: ஒருவழியாக டம்ப் ஓடிவிட்டது

மூன்று நாளாக முரண்டு பிடித்த டம்ப் (சுருக்கி வைத்த வைரஸ் மெமரியில் விரிந்ததும் எடுத்துச் சேமித்த நகல்) நேற்று ராத்திரி ஓடியது. கும்பகோணம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் பிரிண்ட் எடுத்துத் திரும்பிய பென்டிரைவில் வந்த வைரஸ் சாம்பிள் இது. நிஜ ஃபோல்டர்கள் ஹிட்டன், சிஸ்டம் இரண்டும் போட்டு மறைந்திருக்க, அவற்றின் பெயரில் ஷார்ட்கட்டுகள். ஒவ்வொன்றும் சிஎம்டி (விண்டோஸின் கட்டளைத் திரை) வழியாக ஒரே 32 பிட் இஎக்ஸ்இயைக் கிளப்புகிறது.

பேக்கர், அதாவது இஎக்ஸ்இயைச் சுருக்கி வைக்கும் கருவி, யூபிஎக்ஸ்தான். செக்‌ஷன் பெயரையும் முத்திரையையும் அழித்திருந்ததால் அதன் சொந்த டீகம்ப்ரஸ் கட்டளை கைவிரித்துவிட்டது. எக்ஸ்32டிபிஜி டிபக்கரில் (நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் கருவி), ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் சேமிக்கும் புஷ்ஏடி (பைட் 60) மேல் ஒரே ஒரு எஃப்8 (ஓர் அடி ஓட்டு), ஸ்டாக் உச்சியைக் குறிக்கும் ஈஎஸ்பி காட்டும் 4 பைட்டுக்கு ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் (தொட்டால் நிறுத்து), பிறகு எஃப்9 (ஓட விடு). சேமித்ததை மீட்கும் பாப்ஏடி தாண்டி நிற்கும். உடனே அந்த பிரேக்பாயின்டை எடுத்துவிடுங்கள். அடுத்து வரும் லூப், ஸ்டாக்கில் ஹெக்ஸ் 80 பைட் வரை பூஜ்யம் நிரப்புகிறது. எடுக்காவிட்டால், அதே 4 பைட்டைத் தொடும்போது மறுபடி நின்றுவிடும். லூப்புக்குக் கீழே உள்ள ஜம்ப்பில் (ஈ9) எஃப்4 (அதுவரை ஓட்டு). அது போய் விழும் இடம்தான் ஓஈபி, மூல நிரல் தொடங்கும் இடம். அங்கே முன்கூட்டியே எஃப்2 (சாதா பிரேக்பாயின்ட்) வைப்பது வீண். அது எழுதும் சிசி பைட்டின் மேலேயே ஸ்டப் (யூபிஎக்ஸ் ஒட்டிவைத்த விரிக்கும் துண்டு) கோடை விரித்துவிடும்.

ஸில்லாவில் (டம்ப் எடுத்துச் சரிசெய்யும் கருவி) ஐஏடி (நிரல் அழைக்கும் விண்டோஸ் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) சுத்தமாகக் கிடைத்தது, ஃபிக்ஸ் டம்ப்பும் ஆனது. ஆனால் திறந்தவுடன் கிராஷ். மூன்று நாளைத் தின்றது இந்த இடம்தான். காரணம் ஏஎஸ்எல்ஆர், நிரல் ஏறும் முகவரியை விண்டோஸ் மாற்றி வைக்கும் பாதுகாப்பு. ஓடும்போது ஃபைல் ஹெக்ஸ் 400000இல் இல்லாமல் வேறு முகவரியில் ஏறுகிறது. ஸ்டப் எல்லா முகவரியையும் அதற்கேற்பத் திருத்திவிடுகிறது. டம்ப் அடுத்த தடவை இன்னோர் இடத்தில் ஏறும்போது அதைத் திருத்த ரீலொகேஷன் அட்டவணை கிடையாது. டம்ப்பைத் தட்டிக்கொண்டிருந்து பயனில்லை. பேக் ஆன மூல ஃபைலிலேயே, சிஎஃப்எஃப் எக்ஸ்ப்ளோரரில் (இஎக்ஸ்இயின் தலைப்பைத் திருத்தும் கருவி) டிஎல்எல் கேரக்டரிஸ்டிக்ஸ் 8140ஐ 8100 ஆக்கி ஏஎஸ்எல்ஆரை அணைத்து, முதலிலிருந்து செய்ய வேண்டும். 400000இலேயே ஏறியது, டம்ப்பும் ஓடியது.

விஎம்மில் (சோதனைக்கான மெய்நிகர் கணினி) நெட்வொர்க்கும் ஷேர்டு ஃபோல்டரும் அணைந்திருக்கட்டும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போவது சகஜம். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமிப்பது) எடுக்கும் நடுவில் போனால் டிஸ்க் ஃபைலே கெடலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை விட, பேட்டரி நிற்கிற பழைய லேப்டாப் மேல்.

அடுத்தது கிட்ராவில் (இஎக்ஸ்இயை ஓட்டாமலே கோடாக விரித்துக் காட்டும் கருவி). டிரைவின் வகையைச் சொல்லும் கெட்டிரைவ்டைப் திருப்பித் தருவதை 2உடன் ஒப்பிடும் இடம் கண்ணில் பட்டுவிட்டது. 2 என்றால் கழற்றக்கூடிய டிரைவ், ஆக பென்டிரைவைத் தேடும் லூப் அங்கேதான். அதற்கு முன்னால், டிபக்கர் இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்டிபக்கர்பிரசென்ட் காவல் நிற்கிறது. டிபக்கரில், பிஇபியில் (ஓடும் நிரலைப் பற்றி விண்டோஸ் வைக்கும் விவரப் பகுதி) ஆஃப்செட் 2இல் இருக்கும் பைட்டை 0 ஆக்கிவிட்டு உள்ளே போகணும்.