மீதி 15 சதவீதம்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், '85 சதவீதம் பொருத்தி முடிக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தார்கள். எல்லா வினையும் அந்த வரியில்தான் ஆரம்பித்தது. மீதி 15 சதவீதம்தானே, குளிக்கப் போவதற்குள் முடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் குளித்தது இரவு ஒன்பதரைக்கு. சைக்கிள் தெருவில் இறங்கியது அதற்கும் ஐந்து நாள் கழித்து.

மகளுக்கு ஆறு வயது. 16 அங்குலச் சக்கரம் வைத்த சிவப்பு சைக்கிள். பெட்டியைச் சுற்றி நாலைந்து முறை வலம் வந்துவிட்டு, "அப்பா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள். அவள் கேட்டதில் சந்தேகம் எதுவும் இல்லை, சும்மா விசாரணைதான். சந்தேகம் அடுப்படியிலிருந்து வந்தது. "அந்தப் புத்தக அலமாரியைக் கேளு, சொல்லும்." இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பொருத்திய அலமாரி அது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

பெட்டியைப் பிரித்தால், பின் சக்கரமும் செயினும் மட்டும் அதனதன் இடத்தில் இருந்தன. ஹேண்டில்பார், முன் சக்கரம், சீட்டு, பெடல், பக்கச் சக்கரம், மட்கார்டு எல்லாம் தனித்தனி. நட்டு, போல்ட், வாஷர் ஒரு பை நிறைய. கூடவே ஒரு விளக்கப் புத்தகம். நாலு மாதிரி சைக்கிள்களுக்குச் சேர்த்து ஒரே புத்தகம். அந்த நாலில் எங்கள் சைக்கிள் இல்லை.

மகளும் வேலை கேட்டாள். "இந்த நட்டு போல்டையெல்லாம் தொலையாம பார்த்துக்கோ" என்று பையைக் கொடுத்தேன். அவள் தன் விளையாட்டுச் சொப்புகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகை போட்டு, எதிரே பொம்மைகளை உட்கார வைத்துவிட்டாள். பார்க்க ஒரு கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. என்ன ஒழுங்கு என்று பூரித்துப்போனேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன் சக்கரத்தை மாட்டி, ஹேண்டில்பாரைச் சொருகி, தூரப் போய் நின்று ரசித்தேன். என்னவோ சரியில்லை. சைக்கிள் பின்னால் போகத் தயாராக நிற்பது போல ஒரு தோற்றம். மகள் பெட்டியில் இருந்த படத்தையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, படத்துல பிரேக்கு முன்னாடி இருக்கு. நம்மளுது ஒளிஞ்சிருக்கு."

"இது புது மாடல்மா."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. பெட்டிக்குள் அடங்குவதற்காக முன் போர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால் கவட்டையை, பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதை நேராக்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். போர்க்கின் கால்கள் கீழே போகப் போக முன்னால் வளைந்திருக்க வேண்டும், பிரேக் முன்பக்கம் தெரிய வேண்டும். பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் திருப்பத்தில் குழந்தையின் கால் சக்கரத்தில் இடிக்கும், ஹேண்டிலும் சொன்னபடி கேட்காது. எல்லாவற்றையும் கழற்றி, போர்க்கைத் திருப்பி, மறுபடி மாட்டினேன். பிரேக் ஒயர் ஹேண்டில் தண்டை ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி கழற்றினேன்.

அடுத்தது பெடல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க விழுங்கியது இதுதான்.

பெடலின் அச்சு முனையில் 'எல்', 'ஆர்' என்று பொறித்திருக்கும். இடது, வலது. இதுகூடவா தெரியாது? சைக்கிளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் இடது கைப்பக்கம் எதுவோ அங்கே 'எல்' போட்ட பெடலை வைத்துத் திருகினேன். மரை பிடிக்கவில்லை. புதுசு, அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். 'கறக்' என்று ஒரு சத்தம். நான் ஒன்றும் கேட்காத மாதிரி இருந்தேன். அடுப்படியில் கேட்டுவிட்டது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல, செட் ஆகுது."

கடைசியில் அப்பாவுக்குப் போன் போட்டேன். வாழ்நாளில் பாதியைச் சைக்கிள் மேலேயே கழித்தவர். பேச்சை வேறு எங்கோ ஆரம்பித்து, நைசாகப் பெடலுக்கு வந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டேய், நீ சைக்கிளுக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கியா, மேல உட்கார்ந்திருக்கியா?"

இடது வலது எல்லாம் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருடைய இடது வலது. சரி என்று மாற்றிப் பிடித்தேன். வலது பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இடதுதான் திரும்பத் திரும்ப வெளியே வந்து விழுந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"அது எதிர் மரைடா. வெளிய கழட்டுற மாதிரி திருப்பு, உள்ள போகும்."

பெடல் உள்ளே போன பிறகு அப்பா ஒன்று சொன்னார், அதை எழுதி வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கமானாலும் சரி, ஸ்பேனரின் கைப்பிடியை மேல் நோக்கி நிறுத்தி, முன் சக்கரம் இருக்கும் திசையில் தள்ளினால் பெடல் இறுகும். பின் சக்கரத்துப் பக்கம் தள்ளினால் கழலும். இரண்டு பக்கத்துக்கும் இதே கணக்குதான். முதல் நாலைந்து சுற்று வெறும் விரலால் போக வேண்டும், விரலுக்கு வராவிட்டால் தப்பான வழியில் போகிறது என்று அர்த்தம். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். மரையில் துளி கிரீஸ் தடவினால் பின்னாளில் கழற்றும்போது அழ வேண்டியதில்லை. நல்லவேளை, என் 'கறக்'கில் முதல் மரை லேசாக நசுங்கியதோடு போயிற்று.

இடது பெடலுக்கு மட்டும் ஏன் இந்த வம்பு? ராத்திரி மனைவிக்கு நான் பென்சில் வைத்து விளக்கினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பென்சிலை முஷ்டிக்குள் லூசாகப் பிடித்துக்கொண்டு, அதன் நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். நுனி ஒரு பக்கம் சுற்ற, பென்சில் தன்னைத்தானே எதிர்ப்பக்கமாக உருட்டிக்கொள்ளும். மிதிக்கும்போது பெடல் அச்சுக்கும் இதுதான் நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை வைத்தால், இடது பெடல் மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஒருநாள் நடுத்தெருவில் விழும். எதிர் மரை வைத்தால் அந்த உருட்டலே அதைக் கழலவிடாமல் காக்கும். மனைவி பென்சிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு யோசிச்சவன், எதிர்ல உட்கார்றவனைப் பத்தியும் யோசிச்சிருக்கலாம்" என்றாள்.

இனி வாஷர் கதை. முன் சக்கர அச்சில் இரண்டு பக்கமும் ஒரு கொக்கி வாஷர் வரும். வட்டத் தகட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு மூக்கு நீண்டிருக்கும். அந்த மூக்கு போர்க்கில் இருக்கும் குட்டித் துளையில் உட்கார வேண்டும். ஒருவேளை நட்டு தளர்ந்தாலும், சக்கரம் சட்டென்று கழன்று ஓடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சொப்புகளைக் கவிழ்த்தேன், பெட்டியை உதறினேன், சோபாவை நகர்த்தினேன். இல்லை. கொக்கி இல்லாமல் ஓட்ட விட எனக்கு மனசில்லை. ராத்திரி பதினொரு மணிக்குத் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'ஒரு தகப்பனாகக் கேட்கிறேன்' என்று தொடங்கும். முழுவதையும் இங்கே தர வெட்கமாக இருக்கிறது.

காத்திருந்த நாட்களில் மாலை வேளை ஒவ்வொன்றாக மற்ற வேலை நடந்தது. ஹேண்டில் இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருக வேண்டும், அசையக் கூடாது. நான் இடுக்கிக்கொண்டு முகம் சிவக்கத் திருகிய நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். ஹேண்டில் என்னவோ அசைந்தது. நடுவில் மேலே இருக்கும் போல்ட்டை ஆலன் கீயால், அந்த வளைந்த ஆறுபட்டைச் சாவியால், இன்னும் அரைச் சுற்று இறுக்கியதும் சரியாயிற்று.

சீட்டுக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்குச் சீட்டை ஏற்றக் கூடாது, ஹேண்டில் தண்டுக்கும் அப்படியே. மகளுக்குச் சிம்மாசனம் மாதிரி உயரமாக வேண்டுமாம். ஓட்டக் கற்கிற பிள்ளைக்கு உட்கார்ந்தபடியே பாதம் தரையில் பதிய வேண்டும் என்று சொன்னதற்கு, "அப்போ எதுக்கு சைக்கிள், நடந்தே போகலாமே" என்றாள்.

பிரேக் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரே பிடியை இழுத்தாள். பிடி அவள் விரலுக்கு எட்டவே இல்லை. பிடியின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறது, அதைத் திருக, பிடி கைக்குக் கிட்டே வந்தது. ஒயரையும் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன். பிரேக் கட்டை ரிம்மில் முழுசாகப் படிய வேண்டும், டயரில் உரசினால் டயரை அறுத்துவிடும்.

பக்கச் சக்கரங்களை நான் இரண்டும் தரையில் நன்றாக அழுந்தும்படி கட்டியிருந்தேன், விழவே கூடாது என்று. ஏறி மிதித்தாள். மிதித்தாள், மிதித்தாள், சைக்கிள் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசல் லேசாகக் குழிந்திருந்ததால் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது! "அப்பா, ஊரு வந்துடுச்சா?" என்று கேட்டாள். பக்கச் சக்கரங்களுக்கும் தரைக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி வேண்டும். ராத்திரி விளக்கத்துக்குப் பயன்பட்ட அதே பென்சிலைக் கீழே வைத்து அளந்து கட்டினேன்.

அப்புறம் எண்ணெய். செயினுக்குக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் ஸ்பிரே டப்பாவை எடுத்து, பக்கத்தில் இருந்த ரிம்முக்கும் சேர்த்து அபிஷேகம் செய்துவிட்டேன். பின் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிப் பார்த்தால், நின்றிருக்க வேண்டிய பின் சக்கரம் பாட்டுக்குப் போகிறது. ரிம்மைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிரேக் கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து, அதற்கு ஒரு மாலைப் பொழுது.

ஐந்தாம் நாள் மகளின் தலைசீவல் நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். குரலில் ஒரு அமைதி இருந்தது, அதுவே எனக்குப் பயம். பொம்மையின் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் கொக்கி வாஷர். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கல் வைத்த வளையல் போல.

"அது பாப்பாவோட வளையல்" என்றாள் மகள். "நீதான தொலையாம பார்த்துக்கச் சொன்ன. அதான் போட்டு விட்டேன்."

வாதாட எதுவும் இல்லை. வளையலைக் கழற்றிப் போர்க்கில் மாட்டி, நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கி, ஹெல்மெட்டைப் போட்டுவிட்டேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவுதான் இடம் விட வேண்டும். "யார் விரல்?" என்று கேட்டுத் தன் விரலையே வைத்துப் பார்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் முழுக்க நான் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்தபடி ஓடினேன். அந்த முதுகு வலிக்கு எந்தப் புத்தகத்திலும் படம் போட்டிருக்கவில்லை.

இப்போது கிளம்புவதற்கு முன்னால் அவளே டயரை அமுக்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, செயினை எட்டிப் பார்த்து, "ம்ம், போகலாம்" என்கிறாள். டயரில் எவ்வளவு காற்று என்பதை டயரின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதைத் தாண்டாமல் அடித்தால் போதும். மூன்றாவது வாரம் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் ஒரு சுற்று பார்த்தேன். புது சைக்கிளில் ஓட ஓட நட்டுகள் தளரும். பக்கச் சக்கரத்தில் ஒன்று கையாலேயே சுற்றியது.

அந்த வேலையில் இருந்தபோதுதான் வாசலில் ஒரு கவர் வந்து விழுந்தது. தயாரிப்பாளரிடமிருந்து. ஒரு மன்னிப்புச் சீட்டு, இரண்டு கொக்கி வாஷர். வாஷர் கிடைத்துவிட்டது என்று அவர்களுக்கு நான் எழுதவே இல்லை. சீட்டைப் படிக்கப் படிக்கக் காது சூடாயிற்று. 'ஒரு தகப்பனாக' என்ற என் வரியையே எடுத்துப் போட்டு வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

மகள் கையை நீட்டினாள்.

"இது சைக்கிளுக்குமா."

"சைக்கிளுக்குத்தான் இருக்கே."

இப்போது பொம்மைக்கு இரண்டு கையிலும் வளையல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பொம்மைக்குக் கை மொட்டையாக இருக்கிறதாம். அவங்களுக்கு இன்னொரு லெட்டர் எழுது என்று நேற்றிலிருந்து என்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.