அண்ணன்மேல் விழுந்த சந்தேகம்

மார்ச் 3

'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தை (1974) மறுபடியும் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், அதனால் இரவுக்குக் கொஞ்சமாகத்தான்.

திரைச்சீலை ஏன் திறந்திருக்கிறது என்று மாஃபியா தலைவன் மைக்கேலின் மனைவி கேட்ட உடனே ஜன்னல் வழியாகத் தோட்டாக்கள். சுட வந்தவர்கள் பிறகு வளாகத்துக்குள்ளேயே பிணமாகக் கிடக்கிறார்கள். ஆக, உள்ளே ஆள் இருக்கிறது. மைக்கேல் பொறுப்பை ஒப்படைப்பது டாம் ஹேகனிடம், அதாவது வளர்ப்புச் சகோதரனிடம். கூடப் பிறந்த அண்ணன் ஃப்ரேடோவைப் பற்றி, நல்ல மனசு, ஆனால் பலவீனமானவன், முட்டாள் என்று சொல்லி முடித்துவிடுகிறான்.

மார்ச் 4

ஃப்ரேடோவுக்கு ராத்திரியில் ஒரு போன். இனி கூப்பிடாதே என்று பதறுகிறான். போச்சு, நமக்குத் தெரிந்துவிட்டது. மர்மத்தைக் கடைசிவரை இழுக்காமல் இவ்வளவு சீக்கிரம் உடைத்தது பெரிய துணிச்சல். தம்பிக்கு எப்போது தெரியவரும் என்ற பயம் மட்டும்தான் இனி நமக்கு.

மார்ச் 6

கியூபாவின் தலைநகர் ஹவானா. இந்தப் பகுதியை மட்டும் இரண்டாவது தடவையும் ஓட்டிப் பார்த்தேன்.

எதிரியின் கையாள் ஜானி ஓலாவைத் தெரியுமா என்று மைக்கேல் கேட்கும்போது, பார்த்ததே இல்லை என்கிறான் ஃப்ரேடோ. அப்புறம் கேளிக்கை விடுதியில், குடித்த குஷியில், இந்த இடத்தை எனக்குக் காட்டியதே ஜானி ஓலாதான் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் அளக்கிறான். தம்பி பின்னால்தான் நிற்கிறான். ஒற்றர்களும் ஆதாரமும் செய்யாத வேலையை ஒரு வெட்டிப் பெருமை செய்துவிடுகிறது. மைக்கேலாக நடிக்கும் அல் பசினோ ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தில் மட்டும் ஏதோ அறுந்து விழுகிறது.

1958 முடியும் இரவு. சர்வாதிகாரி பட்டிஸ்டா பதவியை விட்டு ஓடப்போகிற நேரம். புத்தாண்டு முத்தம் கொடுத்துவிட்டு, நீதான் என்று எனக்குத் தெரியும் என்கிறான் மைக்கேல். ஊரே கலவரமாகிறது. காரில் ஏறு, நீ இன்னும் என் அண்ணன்தான் என்று தம்பி கூப்பிட, ஃப்ரேடோ கூட்டத்துக்குள் ஓடுகிறான். ஒரு ஆட்சி கவிழ்வதையே பின்னணியாக வைத்தும் நம் கண் அந்த அண்ணனைத்தானே தேடுகிறது!

மார்ச் 7

இன்று படம் பார்க்கவில்லை. கம்பனில் இராவணன் வீடணனைச் சந்தேகித்தபோது சபையிலேயே திட்டித் தீர்த்து விரட்டிவிட்டான். போன தம்பி பிழைத்தான், இலங்கை போனது. இங்கே சந்தேகப்படுகிறவன் குரலை உயர்த்துவதே இல்லை. இந்த இரண்டு பேரில் எனக்கு இராவணன்தான் மனிதனாகத் தெரிகிறான்.

மார்ச் 9

படகுக் கொட்டகைக் காட்சி. சாய்வு நாற்காலியில் ஃப்ரேடோ கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கிறான், எழுந்து கத்த நினைத்தாலும் நாற்காலி விடமாட்டேன் என்கிறது. நான் மூத்தவன், என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்கிறான். மூத்தவன் இருக்க இளையவனுக்குப் பட்டமா என்ற கோபத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொல்லத் திட்டம் என்று தனக்குத் தெரியாது என்கிறான். நான் நம்புகிறேன். மைக்கேலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அம்மா உயிரோடு இருக்கும்வரை இவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று உத்தரவு. அதைக் கருணை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். கெடு குறித்துவிட்டான், அவ்வளவுதான்.

மார்ச் 10

முடித்துவிட்டேன். அம்மாவின் இறுதிச் சடங்கில் அண்ணனைக் கட்டிப்பிடித்தபடியே அடியாள் நேரியை ஒரு பார்வை. பிறகு ஏரி, படகு, மீன் சிக்க ஃப்ரேடோ சொல்லும் ஜெபம், ஒரு வெடிச் சத்தம்.

அதோடு விடாமல் 1941-க்குப் போகிறது படம். ராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்று மைக்கேல் சொன்னதும் மேசையில் எல்லோரும் எரிந்து விழ, கை நீட்டி வாழ்த்துகிறவன் ஃப்ரேடோ ஒருவன்தான்.

ஃப்ரேடோவாக நடித்த ஜான் கசேல் 1978-இல் இறந்துபோனார், நடித்த முழுநீளப் படங்கள் ஐந்தே ஐந்து. இந்தப் படத்திலிருந்து துணை நடிகர் ஆஸ்கருக்கு மூன்று பேரைப் பரிந்துரைத்தார்கள். அதில் இவர் இல்லை. என்னத்தைப் பார்த்தார்களோ!