கண்ணாடி இழைக்குள் வானம்

இணையக் கேபிள் பராமரிப்பில் பல ஆண்டுகளாக இரவுப் பணி பார்த்து வருகிறேன். கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை அறுந்து, ஃபைபர் கட் என்று அழைப்பு வந்தால் நாங்கள் முதலில் எடுப்பது ஓடிடிஆர் கருவியைத்தான். இழையின் ஒரு முனையில் அதைப் பொருத்தினால், நுண்ணிய ஒளித்துடிப்புகளை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் மங்கிய ஒளியைக் கொண்டு எத்தனையாவது கிலோமீட்டரில் இழை அறுந்திருக்கிறது என்று காட்டிவிடும். திரையில் ஒரு கோடு சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே போகும். இரண்டு இழைகளை இணைத்த இடங்களில் ஒரு சின்னப் படி இறங்கும். அறுந்த இடத்தில் செங்குத்தாக விழும். அதற்கப்பால் இரைச்சல்தான், பொருளற்ற கிறுக்கல்.

அந்தக் கோட்டைப் படிக்க எனக்குக் கற்றுத்தந்த மூத்த பொறியாளர் ஓர் இரவு, “இந்த ஒளி ஏன் திரும்பி வருதுன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எவ்வளவு தூய்மையாக வார்த்தாலும், ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய அடர்த்தி வேறுபாடுகள் அதற்குள் உறைந்துவிடுகின்றன; அவற்றில் பட்டு ஒளி எல்லாத் திசைகளிலும் சிதற, அதில் மிகச் சிறிய பங்கு வந்த வழியே திரும்புகிறது. ராலே சிதறல் எனப்படும் இதே நிகழ்வுதான் பகல் வானத்தை நீலமாக்குகிறது என்று அவர் சொன்னபோது, கையிலிருந்த இழையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒளி ஓடும் அதன் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரோமீட்டர் அகலம்; அதற்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது.

உன்னதம் என்றால் மலையும் கடலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி நானும் அந்தச் சிலிர்ப்பைத் தேடியிருக்கிறேன். ஒரு படம் மனத்தில் இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். வியப்பை மருட்கை என்று அழைக்கும் தொல்காப்பியம், அது பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கைச் சொல்கிறது. பெருமைக்கு அடுத்தே சிறுமையை வைத்த அந்தக் கண்ணை நான் வணங்குகிறேன். 1990இல் வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு பிக்சலுக்கும் சிறியது. அந்தப் படம் நம்மை உலுக்குவதும் அச்சிறுமையால்தான்.

அன்றிரவு அறுந்த இடம் 37ஆவது கிலோமீட்டர். களத்தில் இருந்தவர்கள் இரு முனைகளையும் சீவித் துடைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டிவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்கள். மறுபடி ஒளியை அனுப்பினேன். கோடு 37இல் ஒரு சின்னப் படி இறங்கி, அதற்கப்பாலும் தொடர்ந்தது. நாங்கள் இருவரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.